நச்சியல் கல்வியில் செய்முறைப் பயிற்சி

(நச்சியல் பயிலும் முதுகலை மாணவர்களும் ஆய்வுத் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் திருவனந்தபுரத்தில் ஆற்றிய உரை)



நச்சியல் என்னும் துறையை இரண்டு வகையாக அணுகலாம். எந்தப் பொருள் உடலின் எந்த உறுப்பை எவ்வாறு தாக்குகிறது என்று ஆராய்வது ஒன்று. அந்தப் பொருள் இந்தக் குப்பியிலுள்ள நீரில், இந்தக் குழந்தையின் குருதியில், இந்தக் கத்தரிக்காயில் உண்மையாகவே இருக்கிறதா, இருக்குமானால் எவ்வளவு என்று அறிவது மற்றொன்று. முதலாவதை நூலகத்தில் அமர்ந்து பெருமளவு கற்றுவிடலாம். இரண்டாவதைக் கையால்தான் கற்க வேண்டும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவதைப் பற்றி. நம் பல்கலைக்கழகங்களில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. அதனால் விளையும் இழப்பு மாணவருடைய மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை.

கேரளத்தில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலொன்றில், கோதுமை மாவு மூட்டைகளோடு, பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி அடைத்த கொள்கலன்களும் ஏற்றப்பட்டிருந்தன. ஃபாலிடால் என்ற வணிகப் பெயரால் உழவர்கள் அறிந்திருந்த மருந்து அது. கொள்கலன்கள் கசிந்தன, மாவு நனைந்தது, அந்த மாவில் செய்த பண்டங்களை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. நாடாளுமன்றம் 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தை இயற்றியது. 1971இல் அதற்கான விதிகள் வந்தன. பூச்சிக்கொல்லி ஆய்வாளர், பூச்சிக்கொல்லிப் பகுப்பாய்வாளர் என்ற இரு பதவிகளை அச்சட்டம் ஏற்படுத்தியது. ஒருவர் மாதிரி எடுப்பவர். மற்றவர் அதைச் சோதிப்பவர். சட்டம் ஒரே நாளில் பதவியை உண்டாக்கிவிடும். அதில் அமர்ந்து பிழையின்றி வேலை செய்யும் கையை உண்டாக்குவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பாக விடப்பட்டது.

அந்தப் பொறுப்பை நாம் எப்படி நிறைவேற்றி வருகிறோம்? நம் செய்முறை வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் சோதனைகளின் பட்டியல் தரப்படுகிறது. ஒவ்வொன்றின் விடையும் முன்னதாகவே அறியப்பட்டது. மாணவர் பியூரெட்டைப் பிடிப்பதற்கு முன்பே, கிடைக்க வேண்டிய அளவு மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து அவருக்குத் தெரிந்துவிடுகிறது. உப்புப் பகுப்பாய்வில் எந்தெந்த உப்புகள் வரும் என்பதை உதவியாளரின் அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடும் திறமைசாலிகளும் உண்டு. அதுவும் ஒரு வகைக் கூர்நோக்குதான், பகுப்பாய்வு ஆகாது. விடை தெரிந்த வினாவுக்கு விடை காணும் பயிற்சியை ஐந்தாண்டு பெற்ற ஒருவரிடம், ஆறாம் ஆண்டில், விடை யாருக்குமே தெரியாத குப்பியொன்றைக் கொடுக்கிறோம். அவர் எதிர்பார்ப்பதைக் காண்கிறார்.

நான் புறத் தேர்வாளராகச் சென்ற ஒரு கல்லூரியில் மெதில் ஆல்கஹாலைக் கண்டறியும் சோதனை நடந்தது. மாதிரியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஆக்சிகரணம் செய்தால் மெதில் ஆல்கஹால் ஃபார்மால்டிஹைடாக மாறும். அதனுடன் குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர ஊதா நிறம் தோன்றும். அன்று எல்லாக் குழாய்களிலும் ஊதா நிறம் வந்தது. மாதிரி எதுவும் சேர்க்காத வெற்றுச் சோதனைக் குழாயிலும் வந்தது. பின்னர் தேடியதில், முந்திய நாள் ஃபார்மலின் அளந்த அளவுச் சாடியையே யாரோ சரியாகக் கழுவாமல் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. அது பெரிய செய்தியன்று; எந்த ஆய்வுக்கூடத்திலும் நேரக்கூடியதே. ஆனால் தேர்வெழுதிய மாணவர்களுள் பெரும்பாலோர் தாளில் எழுதியது, 'வெற்றுச் சோதனை: நிறமில்லை' என்பது. அவர்கள் பொய் சொல்ல எண்ணியவர்கள் அல்லர். வெற்றுச் சோதனையில் நிறம் வராது என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. கண்ணை விடக் கையேட்டை நம்பினார்கள்.

இந்தச் சோதனையை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1982இல் ஓணம் நாள்களில் வைப்பின் தீவில் நச்சுச் சாராயம் அருந்தி எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் பார்வை இழந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபரில், இந்நகருக்கு வடக்கே கல்லுவாதுக்கலிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் அதே கொடுமை நிகழ்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய நாளில், மருத்துவமனைக்கு வந்து குவிவோரில் யாருக்கு மாற்று மருந்து உடனே தேவை, கைப்பற்றிய கன்னாசுகளில் எது கொல்லும் என்பதைச் சில மணி நேரத்துக்குள் ஒருவர் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவர் நம் செய்முறை வகுப்பிலிருந்து வந்தவர்தான்.

இனிக் காசர்கோட்டுக்கு வருகிறேன். நச்சியல் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வுக்கூட வேலையின் கோணத்திலிருந்து படிக்க வேண்டிய வரலாறு அது. கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதியிலிருந்து 2000 வரை, எண்டோசல்ஃபான் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டு வந்தது. குன்றுகளின் மேல் தோட்டம். சரிவிலும் பள்ளத்திலும் வீடுகள், ஓடைகள், குடிநீர்ச் சுரங்கங்கள். எண்மகஜே ஊராட்சியைச் சேர்ந்த பட்ரே கிராமத்தில் பிறவிக் குறைகளும் நரம்பு நோய்களும் மிகுந்திருப்பதை அவ்வூரில் பணியாற்றிய மருத்துவர் கவனித்துக் குரல் எழுப்பினார். 2001இல் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்கிருந்து மாதிரிகள் எடுத்துச் சோதித்து, நீரிலும் குருதியிலும் பிறவற்றிலும் எண்டோசல்ஃபான் மிகுதியாக இருப்பதாக வெளியிட்டது. தோட்டக் கழகத்தின் வேண்டுகோளின்படி தமிழகத்து நிறுவனமொன்று செய்த ஆய்வின் முடிவு அதற்கு மாறாக அமைந்தது. ஒரே ஊர், ஒரே நஞ்சு, இரண்டு விடைகள். தாய்மார் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க, படித்தவர்கள் எண்களைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அடுத்து வந்தது. அந்நிறுவனத்தார் பட்ரே பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக ஆராய்வதோடு நில்லாமல், தெளிப்பு நடைபெறாத ஊரொன்றின் பிள்ளைகளையும் ஒப்பீட்டுக்காக ஆராய்ந்தார்கள். சிறுவர்களின் பூப்பு வளர்ச்சி பற்றி அவர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், பாதிக்கப்பட்ட பகுதியிலிருந்து 117 பேரும் ஒப்பீட்டு ஊரிலிருந்து 90 பேரும் இடம்பெற்றனர். குருதியில் எண்டோசல்ஃபான் அளவு முதற்பிரிவினரிடம் தெளிவாக மிகுந்திருந்தது, வளர்ச்சி பிந்தியிருந்தது. இந்த ஆய்வின் அளவீட்டு முறையையும் பூச்சிக்கொல்லித் தொழில் சார்ந்தோர் கேள்விக்கு உள்ளாக்கினர். 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் எண்டோசல்ஃபான் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுதும் அதைத் தடுத்தது. 2017 சனவரியில், பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வழங்குமாறு அதே நீதிமன்றம் கேரள அரசுக்கு ஆணையிட்டது. முதல் எண் வெளிவந்த நாளுக்கும் இந்த ஆணைக்கும் இடையே ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள்.

தாமதத்துக்குக் காரணம் ஆய்வுக்கூடம் மட்டுமே என்று கூறினால் அது நேர்மையாகாது. ஆட்சியும் வணிகமும் அதில் பங்கேற்றன. எனினும், இரண்டு ஆய்வுக்கூடங்கள் எப்படி மாறுபட முடியும் என்று மாணவர் கேட்க வேண்டும்.

மாதிரியிலிருந்து தொடங்குவோம். தெளித்த மறுநாள் எடுத்த இலையும் மழைக்குப் பின் எடுத்த இலையும் வெவ்வேறு கதை சொல்லும். ஓடையின் மேல்நீரை மொண்டவரும் அடியிலுள்ள சேற்றை வாரியவரும் ஒரே இடத்தின் பெயரைச் சீட்டில் எழுதினாலும், எண்டோசல்ஃபான் நீரில் எளிதில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்வதால், இருவரும் வெவ்வேறு பொருள்களையே அனுப்புகிறார்கள். நஞ்சு பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். பனிக்கட்டி இல்லாமல் இரண்டு நாள் ரயிலில் வந்த குருதியில் அது சிதையலாம். எண்டோசல்ஃபானுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரு வடிவங்கள் உண்டு. உடலிலும் மண்ணிலும் அது சல்ஃபேட்டாக மாறுகிறது. மூன்றையும் தேடியவருக்கும் ஒன்றை மட்டும் தேடியவருக்கும் கிடைக்கும் கூட்டுத்தொகை எப்படி ஒன்றாகும்?

அடுத்தது கருவி. வாயு வண்ணப்பிரிகைக் கருவி, ஜி.சி. என்று நீங்கள் சுருக்கிச் சொல்வது, மாதிரியிலுள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட நேரத்தில் வெளியே அனுப்பும். ஜேம்ஸ் லவ்லாக் 1957இல் உருவாக்கிய எலெக்ட்ரான் கவர் உணரி அதன் முனையில் இருந்தால், குளோரின் கொண்ட பொருள்களைப் பி.பி.பி. அளவிலும் காட்டும். ஒரு பி.பி.பி. என்பது ஆயிரம் கிலோ நீரில் ஒரு மில்லிகிராம். வியத்தகு நுண்மைதான். ஆனால் அந்த உணரி 'ஏதோ ஒன்று இந்த நேரத்தில் வந்தது' என்று மட்டுமே சொல்கிறது. வந்தது யார் என்று சொல்வதில்லை. அதே நேரத்தில் வேறொரு பொருள் வந்தாலும் அதே முகடு எழும். ஆகையால் வேறு தன்மையுள்ள தம்பத்தில் இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அல்லது மூலக்கூற்றை உடைத்து எடை காணும் நிறைநிரலியால் உறுதிசெய்ய வேண்டும். அதைச் செய்யாதவர் இல்லாததை இருப்பதாகச் சொல்லக்கூடும்.

இருப்பதை இல்லை என்று சொல்வதும் எளிதே. மாதிரியிலிருந்து நஞ்சைக் கரைப்பானில் பிரித்தெடுக்கும்போது பாதி தங்கிவிட்டால் விடையும் பாதியாகும். இதை அறியும் வழி ஒன்றுதான்: நஞ்சு இல்லாத மாதிரியில் தெரிந்த அளவைச் சேர்த்து, முழுச் சோதனையையும் செய்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. மீட்பு விழுக்காடு எனப்படும் இது பொதுவாக 70க்கும் 120க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வில் ஏற்கப்பட்ட வரம்பு. அடுத்து, 'கண்டறியப்படவில்லை' என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையும், எந்த அளவுக்குக் கீழே தன் முறையால் காண முடியாது என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கண்டறி எல்லை குறிப்பிடப்படாத 'இல்லை' என்ற சொல்லுக்கு நச்சியலில் பொருளே கிடையாது. அலுவலர்கள் இதை அன்புகூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது முடிவைக் கூறும் கட்டத்தை அன்று. வெற்றுச் சோதனை, மீட்பு விழுக்காடு, கண்டறி எல்லை ஆகிய மூன்றும் உள்ளனவா என்பதை.

இந்நகரில் இருந்துகொண்டு நச்சியல் பயில்வது ஒரு வாய்ப்பு. நேமத்தை அடுத்து வெள்ளாயணியில் 1955இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரியில் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வுக்கூடம் இருக்கிறது. கடைகளிலிருந்து காய்கறிகளை வாங்கிச் சோதித்து முடிவுகளை மக்களறிய வெளியிடும் 'உண்ணத் தக்கது' என்னும் பொருள்படும் திட்டம் அங்கே 2013இல் தொடங்கியது. சாலைக் கடைத்தெருவுக்கு வரும் காய்கறியில் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. எனவே அந்த எண்கள் இரண்டு மாநிலங்களின் உழவரையும் வணிகரையும் தொடுகின்றன. நாளிதழ்களில் சச்சரவாகவும் மாறியிருக்கின்றன. கறிவேப்பிலையில் எஞ்சியதாகக் காட்டப்பட்ட ஓர் எண், லாரிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்த வல்லது. எண் சரியானால் நிறுத்துவதே முறை. தவறானால், அதற்கு விலை கொடுப்பவர் தேனியிலோ திருநெல்வேலியிலோ உள்ள ஒரு சிறு விவசாயி.

2003இல் வெளிவந்த குவெச்சர்ஸ் என்னும் முறை இவ்வேலையை மிகவும் எளிதாக்கியது. ஒரு கிலோ அளவு காயை நறுக்கி அரைத்து, அதில் பத்தோ பதினைந்தோ கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கி, மக்னீசியம் சல்ஃபேட் முதலிய உப்புகளைச் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததைத் தூய்மைசெய்து கருவிக்கு அனுப்புகிறார்கள். படிக்கும்போது சமையற் குறிப்பைப் போல இருக்கும். செய்யும்போதுதான் நுணுக்கம் தெரியும். உப்பைச் சேர்த்தவுடன் குலுக்கத் தாமதித்தால் அது கட்டி தட்டிவிடும், குழாய் சூடேறும். அரைத்த விழுது எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லையென்றால், எடுத்த பத்துக் கிராம் அந்த ஒரு கிலோவைப் பிரதிநிதிப்படுத்தாது. ஒரு கிலோவே சரியாகப் பொறுக்கப்படவில்லையென்றால் லாரியைப் பிரதிநிதிப்படுத்தாது. வாழைப்பழத்தைத் தோலோடு அரைக்க வேண்டும், தக்காளியைக் கழுவக் கூடாது என்பன போன்ற விதிகளைக் கேட்டு மாணவர் நகைப்பதுண்டு. சட்டம் வரையறுத்த உச்ச அளவு சந்தையில் விற்கும் நிலையிலுள்ள பொருளுக்கு உரியது. நம் வீட்டுச் சமையலறையில் கழுவியதற்கு உரியதன்று.

இரண்டாவதாக, வேதியியல் தேர்வாளர் ஆய்வுக்கூடம். இறப்பு விசாரணையில் உள்ளுறுப்புகள் அங்கேதான் வருகின்றன. அங்குள்ள வேலையில் முதல் பாடம் குப்பியைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முத்திரை சிதையாமல் இருக்கிறதா, சீட்டிலுள்ள எண்ணும் கடிதத்திலுள்ள எண்ணும் ஒன்றா, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது வந்தது என்று பார்த்தல். இரைப்பையும் அதன் உள்ளடக்கமும், சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், இரு சிறுநீரகங்களிலும் பாதிப் பாதி ஆகியவற்றைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு அனுப்புவது வழக்கம். அந்த உப்புக் கரைசலில் கொஞ்சத்தைத் தனிக் குப்பியில் உடன் அனுப்ப வேண்டும். நஞ்சு உடலிலிருந்து வந்ததா, உப்பிலிருந்து வந்ததா என்ற கேள்வி எழுந்தால் விடை சொல்ல அந்தச் சிறு குப்பி ஒன்றே சான்று. நாம் வகுப்பில் அலட்சியமாகக் கொட்டிவிடும் வெற்றுச் சோதனையின் மறுவடிவம் அது. நோய்க்குறியியலுக்கு வைப்பது போல் ஃபார்மலினில் இட்டு அனுப்பிவிட்டால் நஞ்சுச் சோதனையே கெட்டுப்போகும். இங்கிருந்து செல்லும் அறிக்கையை, அதை எழுதியவர் நேரில் வராமலேயே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 293ஆம் பிரிவாக இருந்தது, 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 329ஆம் பிரிவாக உள்ளது. குறுக்கு விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறைக்கு அனுப்பவோ விடுவிக்கவோ துணைசெய்யும் தாள் அது. அதற்குத் தக்க பொறுப்பு உணர்வை எந்த வகுப்பில் கற்பிக்கிறோம்?

மூன்றாவது, பூஜப்புரையில் சேட்டல்மண்டு அரண்மனை வளாகத்தில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் காலத்தில் இதய வால்வும் குருதிப் பையும் அங்கே உருவாயின. உடலுக்குள் வைக்கும் பொருள் உடலுக்கு நஞ்சாகிவிடக் கூடாது என்பதால் நச்சியல் அங்கே தனிப் பிரிவாகவே வளர்ந்தது. பிளாஸ்டிக்கைக் குறித்த வெப்பத்தில் குறித்த மணி நேரம் ஊறவைத்துச் சாறெடுத்து, வளர்ப்புக் கலங்களின்மீது அதை இட்டு, ஒரு நாள் கழித்து உருப்பெருக்கியில் பார்த்து, பூச்சியம் முதல் நான்கு வரை தரம் இடுகிறார்கள். கலம் சுருங்கியதா, உருண்டதா, விரிந்தே இருக்கிறதா என்று சொல்லும் கண்ணைப் பழக்க மாதங்கள் ஆகும். கொல்லும் என்று தெரிந்த ஒரு பொருளையும் கொல்லாது என்று தெரிந்த ஒரு பொருளையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்தே பார்க்கிறார்கள். குருதிப் பையை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் குருதியில் சிறிது கசிகிறது. அதே பொருள் சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கவும் செய்கிறது. நன்மை, தீமை இரண்டையும் அளவால் நிறுத்துப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

விலங்குச் சோதனையைப் பற்றி நெடிது பேச விரும்பவில்லை. பாதி விலங்குகள் இறக்கும் அளவைக் காணும் முறையை டிரெவன் 1927இல் வகுத்தார். அதன் பழைய வடிவத்தை ஓ.இ.சி.டி. அமைப்பு 2002இல் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கிவிட்டது. படிக்கு மூன்றே விலங்குகளைக் கொண்டு செய்யும் முறையும் வேறு முறைகளும் அதன் இடத்தில் உள்ளன. கல்லூரிகளில் விலங்குகளை அறுத்தும் அவற்றின்மீது சோதனை செய்தும் கற்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் நிறுத்தச் சொன்னது; அது நல்ல முடிவே. ஆனால் நீக்கிய சோதனைகள் விட்டுச்சென்ற காலியிடத்தில் பல கல்லூரிகள் திரைப்படக் காட்சியை வைத்துவிட்டன. எலி போன இடத்தில் கணினித் திரை வந்தது. கைக்கு வேலை வரவில்லை.

குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இண்டஸ்டிரியல் பயோ-டெஸ்ட் என்ற பெரிய சோதனை நிறுவனம் இருந்தது. பூச்சிக்கொல்லிகளுக்கும் மருந்துகளுக்கும் அந்நாட்டில் நடந்த நச்சுச் சோதனைகளில் பெரும் பகுதி அங்கே நடந்தது. 1976இல் உணவு மருந்து நிர்வாகத்தின் நோய்க்குறியியலார் ஏட்ரியன் கிராஸ் அதன் அறிக்கையொன்றைப் படித்தபோது, அது ஐயத்துக்கிடமான அளவுக்கு அப்பழுக்கற்று இருப்பதைக் கண்டார். மூலக் குறிப்புகளைத் தோண்டியபோது, இறந்துவிட்டதாக எழுதிய எலிகள் பின்னொரு நாளில் உயிரோடு எடைபார்க்கப்பட்டிருந்தன. அழுகிப்போனதால் ஆராய முடியவில்லை என்பதற்குச் சுருக்கெழுத்தே வைத்திருந்தார்கள். 1983இல் அந்நிறுவனத்தில் பணியாற்றிய மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. நல்ல ஆய்வுக்கூட நடைமுறை என்று இன்று உலகெங்கும் வழங்கும் விதிகள் இந்த ஊழலிலிருந்தே பிறந்தன. அமெரிக்காவில் அவை 1979இல் நடைமுறைக்கு வந்தன, ஓ.இ.சி.டி. 1981இல் ஏற்றது. இந்தியா 2002இல் இதற்கான தேசிய அமைப்பை நிறுவியது. 2011 மார்ச்சில் முழு உறுப்புரிமை பெற்றது. அந்த விதிகளுக்கு உட்பட்ட இந்திய ஆய்வுக்கூடத்தின் தரவை அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பிற நாடுகள் ஏற்பது இதனால்தான். விதிகளின் உள்ளடக்கமோ மிக எளியது. செய்த அன்றே மையால் எழுது. தவறானால் ஒற்றைக் கோடு இட்டு, பழையது படிக்கும்படி விட்டு, காரணமும் தேதியும் கையெழுத்தும் இடு. நம் மாணவரின் ரெக்கார்டு நோட்டு, வாரக் கடைசியில் வீட்டில் அமர்ந்து அழகிய கையெழுத்தில் படியெடுக்கப்படுகிறது. அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறைகிறது. உலகம் தண்டிக்கும் பழக்கத்தை நாம் பரிசு கொடுத்து வளர்க்கிறோம்.

விலையுயர்ந்த கருவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிரம்பச் செய்யலாம். பாரத்தியான் குடும்பத்து நஞ்சுகள் நரம்பு முனைகளிலுள்ள கோலினெஸ்டெரேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. எல்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1961இல் வெளியிட்ட முறையில் அந்நொதியின் வேலை மஞ்சள் நிறமாக வெளிப்படும்; எந்தக் கல்லூரியிலும் உள்ள நிறமானியே அதை அளக்கப் போதும். நொதிக்கு இறைச்சிக் கடையில் வாங்கிய ஆட்டு மூளை போதும். தடுப்பானாகப் பூச்சிக்கொல்லியை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. மருந்தாகப் பயன்படும் நியோஸ்டிக்மினை ஆசிரியர் நீர்த்துத் தந்தால் அதே பாடத்தை ஓரளவு அச்சமின்றிக் கற்கலாம். மேல்வகுப்பு மாணவருக்கு மட்டும், தக்க பாதுகாப்போடு, இன்னொன்றையும் காட்டலாம். பாரத்தியான் போன்றவற்றைச் சோதனைக் குழாயில் நேரடியாக நொதியோடு சேர்த்தால் தடுப்பு மிகக் குறைவாகவே தெரியும். அனுபவமில்லாதவர் தீங்கற்றது என எழுதிவிடுவார். உடலில் கல்லீரல்தான் அதைக் கொடிய பாராக்ஸானாக மாற்றுகிறது. குழாயில் அந்த வேலையைச் சிறிது புரோமின் நீர் செய்யும். 1958இல் அந்த மாவைக் கொடிய நஞ்சாக்கிய மாற்றத்தை மாணவர் தம் கண்ணால் மஞ்சள் நிறம் மங்குவதில் காண்பார்.

பல்கலைக்கழகப் பாடக்குழுக்களுக்கு நான் முன்வைப்பது இது. செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண்ணேனும் விடை அறியப்படாத மாதிரிகளுக்கு இருக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் நஞ்சே இருக்கக் கூடாது. 'இல்லை, இந்த எல்லைக்கு மேல் இல்லை' என்று எழுதத் துணிபவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். வெற்றுச் சோதனையிலோ மீட்பிலோ கோளாறு கண்டு, 'இந்தத் தொகுதியின் முடிவை ஏற்கலாகாது' என்று எழுதுபவருக்கும் அவ்வாறே. மூலக் குறிப்பேடு மட்டுமே திருத்தத்துக்கு உரியதாக வேண்டும்; படியெடுத்த நோட்டு ஒழிய வேண்டும். மதிப்பெண்ணைத் தொடாமல் எந்தச் சீர்திருத்தமும் நம் நாட்டில் வகுப்பறைக்குள் நுழைவதில்லை என்பது அனுபவம்.

மற்றொன்று, கல்லூரிகள் தமக்குள் மாதிரிகளைப் பரிமாறிக்கொள்வது. ஒரே விழுதை ஐந்து பங்காக்கி, நாகர்கோவில், திருவனந்தபுரம், கொல்லம் என ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பி, ஐந்து விடைகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். பெரிய ஆய்வுக்கூடங்கள் திறன் சோதனை என்ற பெயரில் இதைத்தான் கட்டணம் செலுத்திச் செய்கின்றன. முதல் சுற்றில் ஐந்தும் ஐந்து திசையில் நிற்கும். ஏன் என்று ஆராய ஒரு பருவம் முழுவதும் செலவிடலாம். காசர்கோட்டில் மக்கள் காத்திருக்க நடந்த வழக்கு, இங்கே யாருக்கும் தீங்கில்லாமல் நடக்கும்.

கடைசியாக அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரி எடுக்கும் உங்கள் களப் பணியாளர்களை ஆண்டுக்கு ஒரு வாரமாவது இந்தச் செய்முறை வகுப்புக்கு அனுப்புங்கள். எங்கள் மாணவர்களை உங்கள் மாதிரி எடுக்கும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். எடுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை முத்திரையிட்டு உறைகுளிரில் வைப்பதற்கு மாவட்டந்தோறும் ஒரு குளிர்ப்பெட்டியும், மின்சாரம் தடைப்படும்போது அதை இயக்க ஒரு ஜெனரேட்டரும், அதன் வெப்பநிலையை நாளுக்கு இருமுறை எழுதிவைக்க ஓர் ஆளும் வேண்டும். வரும் நிதியாண்டின் மதிப்பீட்டில் இதற்கு இடம் ஒதுக்க முடியுமா என்று பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.